வயித்துக்கு ஒரு டைரி!

இந்த வார மேட்டர் கொஞ்சம் ஒரு மாதிரி. வாந்தி, ஏப்பம், பாத்ரூம்னு போகும். சாப்பிட்டுக்கிட்டே பக்கத்தைப் புரட்டுற பார்ட்டியா நீங்க? கையைக் கழுவிட்டு வாங்க, வெயிட் பண்றேன்.

வந்தாச்சா? ஓகே, ஸ்டார்ட்.

என் சித்தி பையன் சென்னையில எம்.சி.ஏ. படிக்கிறான். ஹாஸ்டல் வாசம். உயரம் 170 செ.மீ., எடை 108 கிலோ. சித்தப்பாவுக்கு ரொம்ப வருஷமா சுகர். பையனோட ரிப்போர்ட்டும் பார்டரைத் தொட, டாக்டர் வாரம் ஒரு ஊசி எழுதிக் கொடுத்தார். பேரு செமாக்ளூடைட். எடை குறைக்கவே இது இந்தியாவுக்கு வந்தது 2025 ஜூன்ல. இதோட பங்காளி டிர்ஸெபடைட் அதுக்கு மூணு மாசம் முன்னாடியே வந்தாச்சு. சித்தப்பாவுக்கு மட்டும் விஷயம் தெரியும். சித்திகிட்ட மூச்! தெரிஞ்சா, 'என் சமையலைச் சாப்பிட்டு உனக்கு ஊசி போடுற அளவுக்கு ஆயிடுச்சா?'னு ஒரு பாட்டம் அழுது தீர்த்துடுவாங்களாம்.

ஆகஸ்ட் 22, வெள்ளிக்கிழமை முதல் ஊசி. 0.25 மில்லிகிராம். நாலு வாரம் ஒரு தொந்தரவும் இல்லை. அப்புறம் 0.5. இங்கேதான் குமட்டல் ஆரம்பிச்சிருக்கு. சனி, ஞாயிறு ரெண்டு நாளும் மெஸ் பக்கமே போக முடியலை. அழுகின முட்டை வாடையில ஏப்பம் வேற. ரூம்மேட் ஜன்னல் பக்கம் கட்டிலை மாத்திக்கிட்டான். அந்த நாலு வாரத்துல பயல் எத்தனை தடவை வாந்தி எடுத்தான்னு அவனுக்கே கணக்கில்லை.

அக்டோபர்ல டாக்டரைப் பார்க்கப் போறான். "என்ன தம்பி, எப்படி இருக்கு?"

"ஓகே சார்!"

அவ்வளவுதான் பதில். நாலு வார அவஸ்தை அந்த ஒரு வார்த்தையில காணாம போச்சு. ஓகேன்னு சொன்னா டாக்டர் என்ன செய்வார்? அடுத்த படிக்கு ஏத்தினார். 1 மில்லிகிராம். ஊசி போட்டது அக்டோபர் 17. தீபாவளி 20-ம் தேதி. இப்போ கதை புரிஞ்சிருக்குமே!

இந்த மருந்து போட்ட 1 முதல் 3 நாளுக்குள்ளதான் ரத்தத்துல உச்சத்துக்குப் போகும். அந்த நேரம் பார்த்து இட்லி, மட்டன் குழம்பு, அதிரசம், முறுக்கு! சித்தி தட்டுல வைக்க வைக்க, வேண்டாம்னா சந்தேகம் வந்துடும்னு முழுங்கியிருக்கான். மத்தியானத்துல இருந்து வாந்தி. தீபாவளி லேகியத்துல ரெண்டு உருண்டை போட்டுப் பார்த்திருக்கான், அதுவும் வெளியே வந்துடுச்சு. மறுநாள் ஒரு வாய் தண்ணி தங்கலை. எழுந்து நின்னா கண்ணைக் கட்டுது. ஊர்ல ஒரு ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. டியூட்டி டாக்டர் கேட்கிறார், "மாத்திரை ஏதாவது சாப்பிடுறியா?"

"இல்லை சார்."

பொய் இல்லைதான். மாத்திரை சாப்பிடலையே, ஊசிதானே போடுறான்! பக்கத்துல சித்தி நிக்கிறாங்களே. தீபாவளி சாப்பாடு ஒத்துக்கலைன்னு எழுதி, டிரிப்ஸ் ஏத்தினாங்க. ராத்திரி ரத்த ரிசல்ட் வருது. கிரியாட்டினின் கூடியிருக்கு. உடம்புல தண்ணி வத்தி, கிட்னி வரைக்கும் போயிடுச்சு. சித்தி டீ வாங்கப் போன கேப்லதான் பயல் நர்ஸைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னான். மூணு நாள் பெட். நல்ல வேளை, கிட்னி பழைய நிலைக்கு வந்துடுச்சு.

ஊசி மேலதான் தப்புன்னு நான் சொல்லலை. நம்ம குடலே சாப்பிட்டதும் ஜிஎல்பி-1னு ஒரு ஹார்மோனைச் சுரக்குது. 'போதும்பா'ன்னு மூளைக்குச் சொல்றதும், இரைப்பையை மெதுவா காலியாக வைக்கிறதும் அதோட வேலை. இயற்கையில அதோட ஆயுள் ரெண்டு நிமிஷம்தான். செமாக்ளூடைட் அதே வேலையைச் செய்யும். ஆனா ஒரு வாரம் கழிச்சும் பாதி மருந்து உள்ளேயே இருக்கும். (இந்த வகையில முதல்ல வந்த சுகர் மருந்துக்கு மூலம் எது தெரியுமா? அமெரிக்கப் பாலைவனத்துல இருக்கிற கீலா மான்ஸ்டர்ங்கிற விஷப் பல்லியோட எச்சில்! பல்லி விழுந்த சாப்பாடுன்னா ஓடுற ஊரு நம்மது...) அதனால சோறு இரைப்பையில ரொம்ப நேரம் தங்கும். எண்ணெய்ப் பலகாரம்னா இன்னும் நேரம். அதுதான் குமட்டல், அதுதான் ஏப்பம்.

2021-ல வெளியான ஸ்டெப்-1 ஆய்வுல 1,961 பேர் கலந்துக்கிட்டாங்க. ஊசி போட்டவங்க 68 வாரத்துல சராசரியா 14.9 சதவீதம் எடை குறைஞ்சாங்க. குமட்டல் வந்தது 44 சதவீதம் பேருக்கு. வாந்தி சுமார் 25, பேதி 31, மலச்சிக்கல் 23 சதவீதம். ஆனா வயித்துத் தொல்லையால ஊசியை நிறுத்தினவங்க 4.5 சதவீதம்தான். பெரும்பாலானவங்களுக்குத் தொல்லை டோஸ் ஏத்தின சமயத்துல வந்து, போகப் போகக் குறையும். உங்களுக்குக் குறையுதா, ஏறுதா? எழுதி வைக்காம எப்படித் தெரியும்? மூணாவது வாரம் நினைச்சா முதல் வாரம் மறந்துபோகும். போன செமஸ்டர் பாடமே மறக்குது நமக்கு!

டிஸ்சார்ஜ் ஆகி சென்னை வந்ததும் டாக்டர் அவனைத் திட்டலை. டோஸைப் பழையபடி 0.5-க்கு இறக்கினார். "அடுத்த தடவை வாயால சொல்லாதே. எழுதிக்கிட்டு வா"ன்னார்.

நாற்பது பக்க நோட்டு ஒண்ணு வாங்கினான். ஊசி போட்ட தேதி, கிழமை, டோஸ். குமட்டலுக்கு தினமும் பத்துக்கு மார்க். வாந்தி எத்தனை தடவை, அதுக்கப்புறம் குடிச்ச தண்ணி தங்கினதா? இந்தத் தண்ணிக் கேள்விதான் ரொம்ப முக்கியம், இதை மட்டுமாவது எழுதுங்க. சிறுநீர் கலர் டீ டிகாக்ஷன் மாதிரி இருந்தா அதையும். என்ன சாப்பிட்டோம், எத்தனை மணிக்கு, ஒரு வரி போதும்.

அப்புறம் அந்த 'ரெண்டு' மேட்டர். டாக்டர்கிட்ட விவரிக்கக் கூச்சமா இருக்கா? இங்கிலாந்துல பிரிஸ்டல் நகர டாக்டர்கள் லூயிஸ், ஹீட்டன் ரெண்டு பேரும் 1997-லயே உங்க கூச்சத்துக்கு மருந்து கண்டுபிடிச்சுட்டாங்க. மலத்தை ஏழு நம்பராப் பிரிச்சு ஒரு சார்ட். ஆட்டுப் புழுக்கை மாதிரி உருண்டை உருண்டையா இருந்தா 1. வாழைப்பழம் மாதிரி வழவழன்னு இருந்தா 4, அதுதான் சென்டம்! வெறும் தண்ணியாப் போனா 7. மத்ததெல்லாம் நடுவுல. தேதிக்கு நேரா நம்பரைப் போட்டா டாக்டருக்குப் புரிஞ்சிடும். 'போகலை'ன்னா ஒரு கோடு. கோடு மூணு நாளைத் தாண்டினா தண்ணி, கீரை, கொய்யா எல்லாம் கூட்டிப் பாருங்க. அப்பவும் அசையலைன்னா டாக்டர்கிட்ட கேளுங்க. நீங்களா மெடிக்கல் ஷாப்ல பேதி மருந்து வாங்கிக் குடிக்காதீங்க.

ஒரே மாசத்துல நோட்டு பேசிடுச்சு. பயலோட குமட்டல் மார்க் சனி 6, ஞாயிறு 7, திங்கள் 3, அப்புறம் 1. ஹாஸ்டல்ல ஞாயிறு மத்தியானம்தான் பிரியாணி, ராத்திரி பரோட்டா! டாக்டரைக் கேட்டுட்டு ஊசியை ஞாயிறு ராத்திரிக்கு மாத்தினான். (நாள் மாத்தும்போது ரெண்டு ஊசிக்கு நடுவுல 48 மணி நேரத்துக்கு மேல இருக்கணும்.) பரோட்டாவைப் பாதியாக்கி, ராத்திரி சாப்பாட்டை எட்டு மணிக்கு முன்னாடி முடிச்சான். அதே 0.5-லயே இன்னும் நாலு வாரம் ஓட்டினாங்க. உச்ச மார்க் 3-க்கு மேல போகலை.

நோட்டைத் தேடிக்கிட்டு உட்காரக் கூடாத சமயமும் இருக்கு. மேல் வயித்துல விடாம கடுமையான வலி, அது முதுகு வரைக்கும் போகுதா? கணையம் வீங்கியிருக்கலாம். வலது விலாவுக்குக் கீழே வலி, காய்ச்சல், கண்ணுல மஞ்சளா? பித்தப்பைக் கல்லா இருக்கலாம். வயிறு உப்பி, காத்துகூடப் பிரியலையா? ஒரு நாள் முழுக்கத் தண்ணி தங்கலையா? உடனே ஆட்டோ பிடிங்க. டாக்டர் 'என்ன மாத்திரை'ன்னு கேட்டா ஊசியையும் சேர்த்துச் சொல்லுங்க. பல்லுக்கோ, குடல்வாலுக்கோ மயக்க மருந்து கொடுக்கப் போறாங்கன்னாலும் சொல்லுங்க, இரைப்பையில சாப்பாடு மிச்சம் இருக்கலாம்.

நோட்டுல எடையை வாரம் ஒரு தடவைதான் எழுதணும், கலோரி கணக்கே வேண்டாம்கிறது என் கட்சி. அது வேற போதை. 'இன்னிக்கு மூணு தடவை வாந்தி, சூப்பர், சீக்கிரம் குறையும்'னு மனசுக்குள்ள ஒரு குஷி வந்தா, அந்தக் குஷியையும் எழுதி அந்தப் பக்கத்தை டாக்டருக்குக் காட்டுங்க. பக்கவிளைவுல அதையும் சேர்த்துக்கணும்.

ஃப்ரெண்டோட பேனாவை வாங்கி 'ஒரே ஒரு தடவை' குத்திக்கிறவங்க யாராவது இதைப் படிச்சா... ஊசியை மாத்தினாலும் மஞ்சள் காமாலைக் கிருமி வந்து சேரும், வேண்டாம்.

சரி, பயல் கதைக்கு வருவோம். பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போயிருக்கான். பையைத் துவைக்க எடுத்த சித்தி கையில நோட்டு மாட்டிக்கிச்சு. புரட்டிப் பார்த்துட்டு சித்தப்பாகிட்ட ஓடியிருக்காங்க. "ஏங்க, தினமும் டெஸ்ட் வைக்கிறாங்க போல. பாருங்க, 4, 4, 3, 4... எத்தனைக்குங்க இது?"

சித்தப்பா சிரிச்ச சிரிப்புல விஷயம் வெளியே வந்துடுச்சு. அழுகை எதுவும் இல்லையாம். அன்னிக்கு ராத்திரியே தட்டுல மூணு இட்லியோட நிறுத்திட்டு, "இன்னிக்கு எத்தனை மார்க்குடா?"ன்னு கேட்டாங்களாம்.