கணினிக்கும் ஒரு காலாவதி தேதி வேண்டும்

பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் தயாரித்த மாதம் இருக்கும், எத்தனை மாதத்துக்குள் சாப்பிட வேண்டும் என்பது இருக்கும், அதிகபட்ச விலையும் இருக்கும். நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் கணினிப் பெட்டியில் என்ன இருக்கிறது? பிராசசரின் பெயர், ராம் அளவு, ஓராண்டு வாரண்டி. அந்தக் கணினியை எந்த ஆண்டு வரை பயமில்லாமல் இணையத்தில் இணைக்கலாம் என்பது மட்டும் எங்கும் இல்லை.

இந்தக் குறை எவ்வளவு பெரியது என்பது 2025 அக்டோபர் 14 அன்று பல வீடுகளுக்குத் தெரிந்தது. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் அன்றோடு முடித்துக் கொண்டது. விண்டோஸ் 11-க்கு மாறுங்கள் என்றது. மாற முடிந்தவர்கள் மாறினார்கள். மாற முடியாத கணினிகளை வைத்திருந்தவர்கள்தான் விழித்தார்கள்.

ஆதரவு நின்றால் என்ன ஆகும்?

கணினி நின்று விடாது. மறுநாள் காலையில் பட்டனை அழுத்தினால் வழக்கம் போலவே ஆன் ஆகும். அதனால்தான் பலர் இதை ஒரு பிரச்சினையாகவே நினைப்பதில்லை.

எந்த இயங்குதளத்திலும் ஓட்டைகள் இருக்கும். அவை மாதா மாதம் கண்டுபிடிக்கப்படும், மாதா மாதம் அடைக்கப்படும். ஆதரவு நின்ற பிறகும் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படும், அடைக்க மட்டும் ஆள் இருக்காது. 2017 மே மாதம் உலகையே கலக்கிய வான்னாக்ரை இதற்கு நல்ல உதாரணம். அது நுழைந்த ஓட்டைக்கான அடைப்பை மைக்ரோசாப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அப்டேட் போடாத கணினிகள் மாட்டிக் கொண்டன. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகளே தடுமாறின. 2014-லேயே ஆதரவு முடிந்திருந்த எக்ஸ்பிக்கும்கூட மைக்ரோசாப்ட் அப்போது விதிவிலக்காக ஒரு அடைப்பை வெளியிட வேண்டியிருந்தது.

ஆக, "நல்லாத்தானே ஓடுது, எதுக்கு மாத்தணும்?" என்ற கேள்வி நியாயமானதுதான், ஆனால் பாதிக் கேள்விதான். ஓடுவது வேறு, பாதுகாப்பாக ஓடுவது வேறு.

முன்பு எப்படி இருந்தது?

இயங்குதளம் மாற்றுவது என்பது ஒரு காலத்தில் ஆசைப்பட்டுச் செய்த காரியம். 2001-ல் எக்ஸ்பி வந்தபோது விண்டோஸ் 98-ல் இருந்து மாறிய தமிழர்களுக்கு அதில் ஒரு உண்மையான லாபம் இருந்தது. குறுந்தகட்டைப் போட்டு, செட்டிங்கில் ஒரு கட்டத்தை டிக் செய்தால் போதும், யூனிகோட் தமிழ் ஒழுங்காகத் தெரியும். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறிக் கிடந்த தமிழ் சேர்ந்து வந்தது. பிறகு வந்த விஸ்டாவில் அந்த டிக்கும் தேவைப்படவில்லை.

விஸ்டா வேறு ஒரு பாடத்தையும் கற்றுக் கொடுத்தது. 2007 ஜனவரியில் அது கடைக்கு வருவதற்கு முன்பே, எக்ஸ்பியோடு விற்ற கணினிகளில் "விஸ்டாவுக்கு ஏற்றது" என்ற பொருளில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி விற்றார்கள். வாங்கிப் போனவர்களில் பலருக்கு, விளம்பரத்தில் காட்டிய கண்ணாடி போன்ற திரை வரவே இல்லை. அந்தக் கணினிகளில் அடிப்படைப் பதிப்பு மட்டும்தான் ஓடியது. அமெரிக்காவில் அதற்காக வழக்கே போட்டார்கள். பெட்டியில் ஒட்டும் ஒரு சின்ன ஸ்டிக்கருக்கு எவ்வளவு மதிப்பு என்பது அப்போதே தெரிந்து விட்டது.

ஆனாலும் அன்று ஒரு சௌகரியம் இருந்தது. பழைய கணினியில் புதிய இயங்குதளம் மெதுவாக ஓடும், அவ்வளவுதான். ராம் கூட்டினால் சரியாகி விடும். 2015 ஜூலையில் விண்டோஸ் 10 வந்தபோது விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு ஓராண்டு இலவசமாகவே கொடுத்தார்கள். அதே ஆண்டு சிகாகோவில் நடந்த மாநாட்டில் மைக்ரோசாப்ட் ஊழியர் ஒருவர், இதுதான் விண்டோஸின் கடைசிப் பதிப்பு என்ற அர்த்தத்தில் பேசினார். கேட்டவர்கள் இனி மாற்றும் வேலையே இல்லை என்று நினைத்தார்கள்.

2021-ல் வந்த நிபந்தனை

விண்டோஸ் 11 வந்தபோது கதை மாறியது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், செக்யூர் பூட் வேண்டும், 4 ஜிபி ராம் வேண்டும் என்றார்கள். இவை பரவாயில்லை. உண்மையான தடை பிராசசர் பட்டியல்தான். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு மேல், ஏஎம்டி ரைசன் என்றால் 2000 வரிசைக்கு மேல். இன்டெல் எட்டாம் தலைமுறை வந்ததே 2017-ன் பிற்பகுதியில். அந்த ஆண்டு தொடக்கத்தில் ஏழாம் தலைமுறைக் கணினி வாங்கியவர், அன்று கடையில் இருந்ததிலேயே புதியதை வாங்கியவர். அவருக்கு நான்கே ஆண்டில் கதவு சாத்தப்பட்டது.

மைக்ரோசாப்ட் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. பாஸ்வேர்டுகளையும் கோப்புகளையும் காக்க வன்பொருள் துணை தேவை என்பது சரியான வாதம். 2025 அக்டோபர் 14 என்ற தேதியும் ரகசியம் அல்ல, 2015-ல் இருந்தே அவர்களுடைய இணையதளத்தில் இருந்தது. ஆனால் அடுத்த பதிப்பு இந்தக் கணினியில் ஏறாது என்பது 2021 வரை வாங்கியவருக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. தகராறே அங்கேதான்.

ஒரு மளிகைக் கடையின் கணக்கு

உதாரணத்துக்கு ஒரு சின்ன ஊர் மளிகைக் கடைக்காரரை எடுத்துக் கொள்ளலாம். 2017 தொடக்கத்தில் 40,000 ரூபாய்க்கு ஒரு கணினி வாங்கினார் என்று வைத்துக் கொள்வோம். பகலில் டேலியில் கடைக் கணக்கு, ஜிஎஸ்டி. ராத்திரி அதே கணினியில் மகளின் பி.காம். அசைன்மென்ட். ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. சர்வீஸ் கடையில் கேட்டால் "இதுக்கு பதினொன்னு ஏறாது அண்ணே, புதுசு வாங்கிடுங்க" என்கிறார்கள். அவர் முன்னால் இருக்கும் வழிகள் இவைதான்.

1. முதலில் நிஜமாகவே ஏறாதா என்று பார்ப்பது. மைக்ரோசாப்டின் பிசி ஹெல்த் செக் என்ற இலவச மென்பொருள் அதைச் சொல்லி விடும். சில கணினிகளில் டிபிஎம் இருந்தும் பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். ஆனால் பட்டியலில் இல்லாத பிராசசருக்கு இது உதவாது.

2. ஓராண்டு அவகாசம் வாங்குவது. வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தருவதாக மைக்ரோசாப்ட் 2025-ல் அறிவித்தது. அதற்கு 30 டாலர் கட்டலாம், அல்லது 1000 ரிவார்ட்ஸ் புள்ளிகளைக் கொடுக்கலாம், அல்லது செட்டிங்ஸை அவர்களுடைய கிளவுடில் சேமித்து இலவசமாகப் பெறலாம். நுகர்வோர் அமைப்பு ஒன்று சண்டை போட்ட பிறகு ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் மட்டும் அந்தச் சேமிப்பு நிபந்தனையைத் தளர்த்தினார்கள். கேட்டவர்களுக்குக் கிடைத்தது.

3. நிபந்தனையைச் சுற்றிக் கொண்டு விண்டோஸ் 11-ஐ ஏற்றுவது. விவரம் தெரிந்தவர்கள் பென் டிரைவில் கொண்டு வந்து ஏற்றி விடுவார்கள். ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது என்று மைக்ரோசாப்டே சொல்லியிருக்கிறது. எதற்காக மாற்றினோமோ அதுவே நிச்சயமில்லை. கடைக் கணக்கு இருக்கும் கணினியில் இந்த விளையாட்டு வேண்டாம்.

4. லினக்ஸுக்கு மாறுவது. உபுண்டு, லினக்ஸ் மின்ட் இரண்டும் இலவசம், பழைய கணினியிலும் ஓடும். பிரவுசர், லிப்ரே ஆபீஸ், தமிழ்த் தட்டச்சு எல்லாம் உண்டு. மகளின் வேலைக்கு இது தாராளம். அப்பாவின் வேலைக்குத்தான் இடிக்கிறது, ஏனென்றால் டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. சென்னையில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் ஆரம்ப ஆண்டுகளில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதை அன்றே பள்ளியில் பழக்கியிருந்தால் இன்று இந்தத் தயக்கம் பாதியாகி இருக்கும்.

5. புதிது வாங்குவது. கடைசியாக யோசிக்க வேண்டிய இதைத்தான் எல்லோரும் முதலில் சொல்கிறார்கள்.

"எட்டு வருஷம் உழைத்து விட்டதே, போதாதா?"

வணிகவியல் படித்தவர்கள் இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்கலாம். கம்பெனிகள் சட்டம் 2013-ன் இரண்டாம் அட்டவணை, மேசைக் கணினிக்கும் மடிக்கணினிக்கும் பயன்பாட்டுக் காலம் 3 ஆண்டு என்கிறது. வருமான வரியில் தேய்மானம் 40 சதவீதம். 40,000 ரூபாய்க் கணினி அந்தக் கணக்கில் எட்டு ஆண்டு முடிவில் ஏட்டில் 672 ரூபாய்தான். அதற்குப் போய் அழுவானேன்?

ஏட்டு மதிப்பு வேறு, பயன் மதிப்பு வேறு. 40,000 ரூபாயை எட்டு ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 5,000. பத்து ஆண்டு ஓடினால் 4,000. தேய்மானம் முடிந்த பிறகு கணினி ஓடும் ஒவ்வொரு ஆண்டும் அந்தக் குடும்பத்துக்கு லாபம். அந்த லாபத்தைப் பறித்தது எரிந்து போன மதர்போர்டு அல்ல, ஒரு கம்பெனி எடுத்த முடிவு. பொருள் தேய்ந்து போவதற்கு முன்பே அதன் ஆயுளை விற்றவர் முடிக்கலாம் என்றால், வாங்கும்போதே அந்த ஆயுள் எவ்வளவு என்று சொல்ல வேண்டாமா?

தேதி போட முடியாதா?

முடியும். கூகிள் தன் குரோம்புக் கணினிகளில் ஒவ்வொரு மாடலுக்கும் அப்டேட் எந்த மாதம் முடியும் என்று பட்டியல் போட்டே வைத்திருக்கிறது. அந்தக் காலத்தைப் பத்து ஆண்டாக உயர்த்துவதாக 2023-ல் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டத்தில் ஆதரவு முடியும் மாதமும் ஆண்டும் வாங்கும்போதே தெரிய வேண்டும் என்ற விதி இருக்கிறது. 2027 டிசம்பர் முதல் அது முழுதாக அமலாகும். பிரிட்டனில் 2024 ஏப்ரலில் இதே மாதிரி ஒரு சட்டம் வந்தது. இணையத்தில் இணையும் டிவி, கேமரா எல்லாவற்றுக்கும் அப்டேட் காலத்தைச் சொல்லியாக வேண்டும். ஆனால் மேசைக் கணினிக்கும் மடிக்கணினிக்கும் விலக்கு!

இந்தியாவில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பொருளின் தரம், அளவு, தரநிலை, விலை ஆகியவற்றைத் தெரிந்து கொள்வது வாங்குபவரின் உரிமை என்கிறது. எத்தனை ஆண்டு பாதுகாப்பாக ஓடும் என்பது கணினியின் தரத்தில் சேராதா என்ன?

"எதிர்காலத்தை யார் கண்டார், எப்படித் தேதி போடுவது?" என்று கம்பெனிகள் கேட்கும். சரியான தேதியை யாரும் கேட்கவில்லை. குறைந்தபட்சம் இந்த ஆண்டு வரை அப்டேட் உண்டு என்று போட்டால் போதும். அதைத் தாண்டிக் கொடுத்தால் நன்றி சொல்லி வாங்கிக் கொள்வார்கள். தேதி தெரிந்தால் எக்ஸ்சேஞ்ச் கடையிலும் செகண்ட் ஹேண்ட் சந்தையிலும் விலை ஒழுங்காக அமையும். இரண்டு ஆண்டு மிச்சமிருக்கும் கணினியை ஆறு ஆண்டு விலைக்கு யாரும் தலையில் கட்ட முடியாது.

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை கணினி வாங்கப் போகிறவர்கள் ராம் எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு என்று கேட்பதோடு இன்னொரு கேள்வியும் கேட்கலாம்: "இதுக்கு எந்த வருஷம் வரைக்கும் அப்டேட் வரும்?" கடைக்காரருக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம். பத்துப் பேர் கேட்டால் அவர் டீலரைக் கேட்பார். டீலர்கள் கேட்டால் கம்பெனி பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.