மழைக்கு முன் ஒரு குடலைப் பூ

தூத்துக்குடிக் கரையில் வாழ்வோருக்கு வானத்தைப் பார்ப்பது அன்றாடக் கடமை. ஐப்பசி பிறந்ததும் உப்பளத்தார் உப்பை அள்ளிக் குவித்து ஓலையால் மூடுவர். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் மீனவர் கடலுக்குச் செல்லார். வீட்டுக்குப் பின்னால் நாலு செடி வைத்துச் சுவாமிக்குப் பூப் பறிக்கும் முதியோருக்கும் அக்காலத்தில் ஒரு கவலை உண்டு. மாலையில் கருமேகம் திரள்கிறது. விடிந்தால் பூவெல்லாம் மண்ணில் கிடக்கும். மறுநாள் பூஜைக்கு இன்றே பறித்து வைக்கலாமா?

வைகறையில் நீராடிப் பறித்த புதுமலரே உத்தமம். முதல் நாள் பறித்துப் பழையதான மலர் ஆகாது என்பதே பொதுவிதி. ஆயினும் நம் முன்னோர் மழையை அறியாதவர் அல்லர். விதியோடு விலக்கையும் சேர்த்தே வைத்தனர். துளசிக்கும் வில்வத்துக்கும் பழமை என்னும் குற்றம் இல்லை. தாமரைக்கும் சில நாள் வரை அக்குற்றம் இல்லை என்பர். மல்லிகை, முல்லை, பிச்சி ஆகியவற்றை மாலையில் அரும்பாகப் பறித்தால் அவை இரவில்தான் மலரும். மறுநாட்காலையில் அவை புதுமலரே. செம்பருத்தியின் முதிர்ந்த மொட்டும் அவ்வாறே விடியலில் விரியும். ஆகவே பொழுது சாயுமுன், தேவையான அளவு பறித்து வைப்பதில் குறையில்லை. கதிரவன் மறைந்தபின் செடியைத் தொடலாகாது என்பதை மட்டும் மறவாதிருக்க வேண்டும்.

பறிப்பதிலும் முறையுண்டு. மழை அடித்துவிடுமே என்று செடியை மொட்டையாக்குதல் கூடாது; செடிக்கும் வண்டுக்கும் பங்கு உண்டு. கிளையை ஒடிக்காமல், மூங்கில் குடலையில் அமுக்காமல் இட வேண்டும். நனைந்த பூவை உடனே கட்டினால் அழுகும். துணியில் பரப்பி ஈரம் போன பின்னரே தொடுக்க வேண்டும். தரையில் விழுந்த பூ ஆகாது. பவழமல்லிக்கு மட்டும் விலக்கு உண்டு. அது தானே உதிரும் மலர்.

தாமிரபரணியின் வடகரையில் உள்ள தொலைவில்லிமங்கலத்தை இரட்டைத் திருப்பதி என்பர். அங்கே சுப்ரபர் என்னும் முனிவர் பொய்கையிலிருந்து தாமரை கொய்து வந்து தேவபிரானை நாள்தோறும் அருச்சித்தார். இந்த மலர்கள் எங்கிருந்து வருகின்றன என்று காணப் பெருமானே அவரைப் பின்தொடர்ந்து வந்து, அரவிந்தலோசனனாக அங்கேயே எழுந்தருளினான் என்பது தலவரலாறு. பூ கொய்யச் செல்பவர் தனியே செல்வதில்லை என்பதை இதனினும் அழகாகச் சொல்ல இயலாது.

தில்லையில் வழிபட்ட வியாக்கிரபாதரோ, வண்டு தீண்டுமுன் இருளில் மலர் பறிக்க வேண்டிப் புலியின் கண்ணையும், பனி நனைந்த மரத்தில் வழுக்காதிருக்கப் புலியின் காலையும் இறைவனிடம் வரமாகக் கேட்டுப் பெற்றார். தவமுனிவரே வழுக்கலுக்கு அஞ்சியிருக்க, எழுபது வயதில் பாசி படிந்த மாடிப்படியில், வீசும் காற்றில், முக்காலி மேல் ஏறி நந்தியாவட்டைக் கிளையை வளைப்பது பக்தியாகாது. கைக்கெட்டிய பூ போதும். எட்டாததைப் பேரனோ அண்டை வீட்டுப் பிள்ளையோ பறித்துத் தந்தால், அந்தப் புண்ணியத்தில் அவர்களுக்கும் பங்கு கிடைக்கும்.

சில மழையின்முன் எந்த ஏற்பாடும் நில்லாது. 2023 டிசம்பர் 17, மார்கழி முதல் நாள். அன்று காலை தொடங்கிய ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இம்மாவட்டத்தில் ஓராண்டில் பெய்ய வேண்டியதைக் காட்டிலும் அது மிகுதி. ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆழ்வார்திருநகரிப் பகுதிகளை வெள்ளம் சூழ்ந்தது, சாலைகள் அறுந்தன. பாவை நோன்பு தொடங்கும் நாளில் பல வீடுகளில் விளக்கேற்றவே இடமில்லை. பூவுக்கு எங்கே போவது?

இலையோ, பூவோ, கனியோ, நீரோ, அன்புடன் தருவதை ஏற்பதாகக் கண்ணன் கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்தில் அருளியுள்ளான். பூவில்லாத நாளில் நீர் போதும். கொல்லாமை, புலனடக்கம், பொறுமை, இரக்கம், அறிவு, தவம், வாய்மை, அன்பு என்னும் எட்டையும் அகத்துப் பூக்களாக ஆன்றோர் வகுத்துள்ளனர். அவற்றை மழை தொடாது.

அந்த வெள்ளத்தில், திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, ஏறத்தாழ 800 பயணிகள் தவித்தனர். அருகிலுள்ள புதுக்குடி ஊர் மக்கள், தம் ஊரையும் நீர் சூழ்ந்திருந்தபோதே, முன்பின் அறியாத அவர்களுக்கு உணவு சமைத்து அளித்தனர். முருகனைத் தரிசித்துத் திரும்பியோரும் அந்த ரயிலில் இருந்திருப்பர். இரக்கம் என்னும் அந்த மலர், அன்று கொட்டும் மழையிலேயே மலர்ந்தது.