குடும்பத்தை ஆராய ஆள் தேவை... ஆனால் வேலை நிரந்தரம் இல்லை! மகளிரியல் துறைகளில் என்ன நடக்கிறது?

2024 ஜூன் 28. டாடா சமூக அறிவியல் நிறுவனம் (டிஸ்) தன் மும்பை, துல்ஜாபூர், ஹைதராபாத், குவாஹாட்டி வளாகங்களில் வேலை பார்த்த 100-க்கும் மேற்பட்ட ஒப்பந்த ஊழியர்களுக்கு ஒரே நேரத்தில் பணிநீக்க நோட்டீஸ் அனுப்பியது. அவர்களில் சுமார் 55 பேர் ஆசிரியர்கள். டாடா கல்வி அறக்கட்டளையிடமிருந்து வரவேண்டிய நிதி வரவில்லை என்பதுதான் காரணம். நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியது, அறக்கட்டளை நிதி தர ஒப்புக்கொண்டது, இரண்டே நாளில் நோட்டீஸ் வாபஸ் ஆனது.

செய்தி அத்தோடு முடிந்துவிட்டது. ஆனால் கேள்வி முடியவில்லை. சமூகத்தை ஆராய்பவர்களின் வேலை இரண்டு நாளில் போய், இரண்டு நாளில் திரும்பி வருகிற நிலையில் ஏன் இருக்கிறது? பாலினம், பாலியல்பு, குடும்பம் பற்றிய ஆய்வுகளில் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். ஏன் என்று பார்ப்போம்.

முதலில், குடும்பத்தை எதற்கு ஆராயணும்?

‘நம்ம வீட்டைப் பத்தி நமக்குத் தெரியாதா?’ என்று தோன்றலாம். ஓர் உதாரணம். மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளுக்குப் பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம் செலவிடுகிறார்கள். 2024 ஆய்வில் இது 289, 88 என்று குறைந்திருக்கிறது.

97 நிமிடம் என்றால் பரவாயில்லையே என்று நினைக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். அது வீட்டு வேலை செய்கிற ஆண்களின் சராசரி மட்டும். 2019-ல் அப்படி ஏதாவது ஒரு வேலை செய்தவர்கள் 100 ஆண்களில் 26 பேர்தான். மீதி 74 பேரையும் கணக்கில் சேர்த்தால், சராசரி சுமார் 25 நிமிடத்துக்கு இறங்கிவிடுகிறது. பெண்களில் 100-க்கு 81 பேர் அந்த வேலைகளைச் செய்கிறார்கள். எண்ணைச் சேகரிக்க ஒரு சர்வே போதும். அந்த எண்ணுக்குள் யார் விடுபட்டிருக்கிறார்கள் என்று கேட்க, அதற்கென்று பயிற்சி பெற்ற ஆள் வேண்டும்.

நீதிமன்றங்களும் இப்போது இதே கேள்விகளைச் சந்திக்கின்றன. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், பெற்றோர் பிடியில் இருந்த ஓர் இளம்பெண்ணைத் தன் தோழியுடன் செல்ல அனுமதித்தது. திருமணம் மட்டுமே குடும்பம் அமைக்கும் வழி ஆகாது, ‘தேர்ந்துகொண்ட குடும்பம்’ என்ற ஒன்றும் உண்டு என்று சொன்னது. அப்படி வாழ்பவர்கள் தமிழ்நாட்டில் வாடகை வீடு, மருத்துவமனைக் கையெழுத்து, சொத்து என்று தினசரி எப்படிச் சமாளிக்கிறார்கள்? தீர்ப்பு வந்த பிறகு அரசு விதி எழுத வேண்டுமென்றால், இதற்கு யாராவது களத்துக்குப் போய் பதில் கொண்டுவர வேண்டும்.

ஆணவக் கொலையும் அப்படித்தான். தனிச் சட்டத்துக்குப் பரிந்துரை அளிக்க, ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று 2025 அக்டோபரில் தமிழக அரசு அறிவித்தது. சாதி மாறிக் காதலிக்கும் பிள்ளைகளைக் குடும்பம் எப்படி மிரட்டுகிறது, எந்தக் கட்டத்தில் அது கொலை வரை போகிறது என்பதெல்லாம் எஃப்.ஐ.ஆரில் முழுசாக இருக்காது. பல வருடம் அந்த ஊர்களோடு பழகிய ஆய்வாளரிடம்தான் அந்த விவரம் இருக்கும்.

இந்தத் துறை எப்படித் தொடங்கியது?

1971-ல் மத்திய அரசு பெண்களின் நிலை குறித்து ஒரு குழு அமைத்தது. அதன் உறுப்பினர்-செயலர் வீணா மஜும்தார். 1974-ல் தயாரான ‘சமத்துவத்தை நோக்கி’ அறிக்கை பலருக்கும் அதிர்ச்சியைக் கொடுத்தது. 1901-ல் 1,000 ஆண்களுக்கு 972 பெண்கள் இருந்த இந்தியாவில், 1971-ல் அது 930 ஆகிவிட்டது. சுதந்திரம் வந்தபிறகு எல்லாம் தானாகச் சரியாகும் என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது.

அதே 1974-ல் மும்பை எஸ்.என்.டி.டி. பெண்கள் பல்கலைக்கழகத்தில் நீரா தேசாய் மகளிரியல் ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார். 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு, பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) மகளிரியல் மையங்களுக்கு நிதி கொடுக்க ஆரம்பித்தது. பிறகு இவை நாடு முழுக்க 150-ஐத் தாண்டின. தமிழ்நாட்டில் 1984-ல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் வந்தது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் மகளிரியலுக்கென்று தனித் துறையே இருக்கிறது.

அப்புறம் எங்கே சிக்கல்?

பதில் நிதி வந்த விதத்தில் இருக்கிறது. இந்த மையங்களுக்கான பணம் ஐந்தாண்டுத் திட்டத்தோடு கட்டப்பட்டிருந்தது. திட்டக் காலம் வரை யுஜிசி கொடுக்கும், பிறகு அந்தப் பணியிடங்களை மாநில அரசோ பல்கலைக்கழகமோ ஏற்க வேண்டும் என்பதுதான் இப்படிப்பட்ட திட்டங்களில் வழக்கமான ஏற்பாடு. ஏற்காவிட்டால்? அந்த ஆசிரியர் ஒவ்வொரு முறையும் நீட்டிப்புக் கடிதத்துக்காகக் காத்திருப்பார். 2017 மார்ச்சில் 12-வது திட்டம் முடிந்தபோது பல மையங்களில் அதுதான் நடந்தது. நிதி தொடருமா என்றே தெரியாத நிலையில் ஆசிரியர்கள் போராட வேண்டியிருந்தது.

ஆட்களைத் தேர்வு செய்வதிலும் மூன்று முட்டுக்கட்டைகள் இருக்கின்றன.

1. யார் ‘பொருத்தமான பாடம்’ படித்தவர்? யுஜிசியின் 2018 விதிப்படி உதவிப் பேராசிரியராக 55% மதிப்பெண்ணுடன் முதுகலையும், நெட் அல்லது செட் தேர்ச்சியும், அல்லது பிஎச்.டி-யும் வேண்டும். அதுவும் சம்பந்தப்பட்ட பாடத்தில். மகளிரியலுக்கு நெட் தேர்வில் தனித் தாள் உண்டு. ஆனால் பாலினத்தை ஆராய்பவர் சமூகவியல், வரலாறு, பொருளாதாரம், சட்டம் என எங்கிருந்தும் வரலாம். இந்தப் பக்கம் விண்ணப்பித்தால் ‘நீங்க சமூகவியல்’, அந்தப் பக்கம் போனால் ‘நீங்க மகளிரியல்’ என்று இரண்டு கதவும் மூடுகிற ஆபத்து இருக்கிறது. 2025 ஜனவரியில் வந்த யுஜிசி வரைவு விதி, பட்டம் வேறு பாடத்தில் இருந்தாலும் நெட் எழுதிய பாடத்தில் ஆசிரியராகலாம் என்றது. துணைவேந்தர் நியமனச் சர்ச்சையில் இந்த அம்சம் பெரிதாகப் பேசப்படவே இல்லை.

2. தேர்வுக் குழுவின் தலைவர் யார்? துணைவேந்தர் அல்லது அவர் நியமிப்பவர். தமிழ்நாட்டில் ஆளுநர்-அரசு மோதலால் பல பல்கலைக்கழகங்கள் துணைவேந்தர் இல்லாமல் ஓடின. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில் காலியான நாற்காலி நீண்ட காலம் நிரப்பப்படவில்லை. துணைவேந்தரே இல்லாத இடத்தில் நிரந்தர நியமனம் தள்ளிப்போகும். அப்போது முதலில் காத்திருப்பில் போவது சின்னத் துறைகள்.

3. இடஒதுக்கீடு ரோஸ்டர். இது கொஞ்சம் டெக்னிக்கல், ஆனால் முக்கியம். 2017-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம், இடஒதுக்கீட்டுக்கு முழுப் பல்கலைக்கழகத்தையும் சேர்த்துக் கணக்கிடாமல் ஒவ்வொரு துறையையும் தனித்தனி அலகாகப் பார்க்கச் சொன்னது. அந்த 13 புள்ளி ரோஸ்டரில் ஓபிசி-க்கு 4-வது இடம், எஸ்சி-க்கு 7-வது, எஸ்டி-க்கு 14-வது. மகளிரியல் துறையில் மொத்தமே 3 பணியிடம் என்றால்? மூன்றும் பொதுப் பிரிவுக்கே போகும். சாதிக்கும் குடும்பத்துக்கும் உள்ள முடிச்சை ஆராய வேண்டிய துறையிலேயே தலித், பழங்குடி ஆய்வாளர்களுக்குக் கதவு அடைபட்டிருக்கும். மத்தியக் கல்வி நிறுவனங்களுக்கு 2019-ல் நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்து, பல்கலைக்கழகமே அலகு என்று மாற்றிய பிறகுதான் அந்த ஆபத்து நீங்கியது.

ஒப்பந்த ஆசிரியர் ஆய்வு செய்யக் கூடாதா?

செய்யலாம். ஆனால் ஒரு சங்கிலி இருக்கிறது. யுஜிசியின் 2022 பிஎச்.டி விதிப்படி, நெறியாளராக இருக்க நிரந்தர ஆசிரியராக இருக்க வேண்டும். ஒரு பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் நெறியாளராகலாம். நிரந்தர ஆசிரியர் இல்லாத மையத்தில் இந்த எண்ணிக்கை பூஜ்யம். நெறியாளர் இல்லை என்றால் பிஎச்.டி இல்லை. பிஎச்.டி இல்லை என்றால் அடுத்த தலைமுறையில் விண்ணப்பிக்கவே ஆள் இல்லை. கடைசியில், தகுதியான ஆட்கள் கிடைக்கவில்லை என்று பணியிடத்தையே மூடிவிடலாம்!

இன்னொன்று, தைரியம். வீட்டுக்குள் நடக்கும் வன்முறை, தன்பால் ஈர்ப்பாளர்களின் வாழ்க்கை, சாதி ஆணவம் எல்லாமே யாரையாவது கோபப்படுத்தும் தலைப்புகள். அடுத்த மார்ச்சில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்று தெரியாதவர், புகார் வராத தலைப்பைத் தேர்ந்தெடுப்பதில் ஆச்சரியம் இல்லை.

வெளிநாட்டில் எப்படி?

அங்கே நேரடியாகவே மூடுகிறார்கள். ஹங்கேரி 2018-ல் பாலினவியல் முதுகலைப் படிப்பை அங்கீகாரப் பட்டியலில் இருந்து நீக்கியது. வேலைச் சந்தையில் தேவை இல்லை என்பது அரசு சொன்ன காரணங்களில் ஒன்று. அமெரிக்காவின் புளோரிடாவில் நியூ காலேஜ், 2023-ல் பாலினவியல் படிப்பை நிறுத்த முடிவெடுத்தது. இங்கே அப்படி உத்தரவு எதுவும் தேவைப்படவில்லை. ஓய்வுபெறுபவர் இடத்தை நிரப்பாமல் விட்டாலே போதும். தலைப்புச் செய்தி ஆகாது, போராட்டமும் வராது.

என்ன செய்யலாம்?

தமிழ்நாடு இதில் முன்னோடி. 2008-லேயே திருநங்கைகளுக்கு நலவாரியம் அமைத்த மாநிலம் இது. சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால், பால்புதுமையினரைக் கண்ணியமாகக் குறிப்பிடும் தமிழ்ச் சொற்பட்டியலை 2022-ல் அரசே வெளியிட்டது. 2023 செப்டம்பர் முதல் 1 கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை போகிறது. அந்தப் பணம் வீட்டுக்குள் யார் கையில் நிற்கிறது, கணவன்-மனைவி பேச்சில் எதை மாற்றுகிறது என்று 10 வருடம் பின்தொடர்ந்து பார்க்கும் ஆய்வு நமக்கு வேண்டும். 11 மாத ஒப்பந்தத்தில் இருப்பவரால் அதைச் செய்ய முடியாது.

ஆகவே செய்ய வேண்டியவை ரொம்ப சிம்பிள். மகளிரியல் பணியிடங்களை அரசு தன் சம்பளக் கணக்கில் ஏற்பது, ஒரு துறைக்குக் குறைந்தது மூன்று நான்கு நிரந்தர இடமாவது வைப்பது, ‘பொருத்தமான பாடம்’ என்பதைப் பரந்த மனதோடு வரையறுப்பது. ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் செலவில் இது சின்னத் தொகை. அடுத்த முறை குடும்பம் பற்றி ஒரு சட்டமோ தீர்ப்போ வரும்போது, பட்டிமன்றப் பேச்சைத் தாண்டி நம்மிடம் ஆதாரம் இருக்குமா என்பது இந்தச் சில பணியிடங்களைப் பொறுத்தது.