பிரட்டுக்களத்துக்கு வரட்டும் பிரஷர் கருவி

மடுல்சீமையிலும் பசறையிலும் கொழுந்து பறிக்கும் பெண்கள், தலை வலித்தால் கோடாலித் தைலம் தேய்த்து, நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மலை ஏறிவிடுகிறார்கள். வலி நின்றால் வருத்தமும் தீர்ந்தது என்று நினைக்கிறோம். பிரஷர் விடயத்தில் உயிரைக் குடிப்பது இந்த நினைப்புதான். பெரும்பாலானோருக்கு உயர் இரத்த அழுத்தம் எந்த அறிகுறியும் காட்டாது. 140/90-க்கு மேலேயே நின்றுவிட்ட அழுத்தம் இரத்தக் குழாய்களை ஆண்டுக்கணக்கில் கெடுத்து, ஒருநாள் பாரிசவாதமாகவோ மாரடைப்பாகவோ வெளியே வரும். சிறுநீரகமும் தப்புவதில்லை. இலங்கையில் வயதுவந்தோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குப் பிரஷர் இருக்கிறது.

உப்பைக் குறையுங்கள் என்கிறோம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. லயத்துச் சமையலில் ரொட்டி மாவிலும் உப்பு, சம்பலிலும் உப்பு. மரக்கறி வாங்க முடியாத நாளில் கருவாடு. வருமானத்தைப் பேசாமல் உப்பை மட்டும் பேசுவது பாதி வைத்தியம்தான்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் குளிசை இலவசம். ஆனால் கிளினிக் நாளில் விடியற்காலை பஸ் பிடித்து, துண்டு எடுத்து, வரிசையில் நின்று வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். அன்றைய பேர், அதாவது அந்த நாள் சம்பளம், போச்சு. அதனால்தான் குளிசை முடிந்தும் பலர் அடுத்த மாதம் பார்ப்போம் என்று இருந்துவிடுகிறார்கள். இதை அலட்சியம் என்று திட்டுவது அநியாயம்.

வழி இல்லாமல் இல்லை. இலங்கை, பாகிஸ்தான், பங்களாதேஷ் கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2020இல் வெளியானது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிப் போய் அழுத்தம் அளந்து, புத்தி சொல்லி, தேவையானவர்களை வைத்தியரிடம் அனுப்பினார்கள். இரண்டு ஆண்டு முடிவில், வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்த ஊர்களைவிட அங்கே மேல் அழுத்தம் சராசரியாக 5 புள்ளி கூடுதலாகக் குறைந்திருந்தது. சின்ன எண்தான், ஆனால் ஊர் முழுக்க அது குறைந்தால் பாரிசவாதமும் குறையும். நம் நாட்டில் அந்த வேலையைச் செய்தவர்கள் மருத்துவமாதுகள். அவர்கள் தோட்டங்களுக்கும் வருகிறவர்கள்தான்.

எல்லோரும் ஓரிடத்தில் கூடும் பிரட்டுக்களம் இருக்கும்போது, மாதம் ஒருமுறை அங்கேயே அளந்தால் என்ன? குளிசையைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் கொடுத்தால் என்ன? ஊவா மாகாண சுகாதாரத் திணைக்களமும் தோட்ட நிர்வாகங்களும் உட்கார்ந்து பேசினால் முடிகிற காரியம் இது. தொழிற்சங்கங்களிடம் ஒன்று கேட்கிறேன்: அடுத்த சம்பளப் பேச்சில், கிளினிக் போகிற நாளுக்கும் முழுப் பேர் போட வேண்டும் என்ற கோரிக்கையைச் சேருங்கள்.