இணைய வானொலியும் இசைவாணர் உரிமைப் பணமும்

லயத்துக்கு லயம் வானொலிப் பெட்டி ஒலித்த காலம் மலையகத்தில் ஒன்றிருந்தது. கொழுந்து நிறுத்து வீடு திரும்பியோர், இலங்கை வானொலியின் தமிழ்ப் பாடல்களைக் கேட்டுக் களைப்பாறினர். இன்று அப்பெட்டி கைத்தொலைபேசிக்குள் ஒடுங்கிவிட்டது. அட்டனிலும் நுவரெலியாவிலும் பிறந்து, கொழும்புக் கடைகளிலும் மத்திய கிழக்கு நாடுகளிலும் தொழில் புரியும் நம் பிள்ளைகளுக்கு, ஊர்க்குரலைக் கொண்டு சேர்க்கவல்லது இணைய வானொலியே.

இவ்விழாவை முன்னிட்டு, பழைய மாணவர் சார்பில் அத்தகைய வானொலியொன்றைத் தொடங்கலாகாதா என இளைய உறுப்பினர் சிலர் கேட்டனர். கணினியொன்றும் இணைப்பொன்றும் போதும் என்றனர். பாடல்களுக்கு உரிமைப் பணம் செலுத்துவது யார் என்று ஒருவர் வினவ, "யார் அறியப் போகிறார்கள்?" என்னும் விடை பிறந்தது. அவ்விடை எமக்கு உவப்பானதன்று. நாட்கூலிக்காகத் தலைமுறை தலைமுறையாகப் போராடிய மக்களின் வழிவந்தோர் நாம். பறித்த கொழுந்துக்குக் கூலி கேட்பது நியாயமாயின், பாடிய பாட்டுக்குக் கூலி கேட்பதும் நியாயமே அன்றோ?

ஆயினும், கூலி நியாயமாயிருப்பது போல் அதனை அளக்கும் முறையும் நியாயமாயிருத்தல் வேண்டும். அமெரிக்க நாட்டு அனுபவம் இதற்குத் தக்க பாடமாகும். வானலையில் ஒலிபரப்பும் நிலையங்கள் அங்கே இசைத்தட்டில் பாடியவருக்கு யாதொன்றும் செலுத்துவதில்லை. பாட்டை இயற்றியோருக்கு மட்டுமே செலுத்துகின்றன. இணைய வானொலியோ இரு சாராருக்கும் செலுத்தவேண்டும். ஒவ்வொரு நேயருக்கும் பாடல் தனித்தனியே அனுப்பப்படுவதால், ஒரு பாடலுக்கு ஒரு நேயருக்கு இவ்வளவு என்று கணக்கிடுகின்றனர். 2007 ஆம் ஆண்டில் அங்குள்ள உரிமைப்பண நடுவர் சபை, 2006 ஆம் ஆண்டுக்கு 0.08 சதமாக இருந்த வீதம் 2010 இல் 0.19 சதமாக உயரும் என விதித்தது. சதத்தில் ஐந்திலொரு பங்குகூட இல்லையே எனலாம். ஆனால் நூறு நேயருக்கு மணிக்குப் பதினைந்து பாடல் வீதம் ஆண்டு முழுவதும் ஒலிபரப்பினால், 2010 ஆம் ஆண்டு வீதப்படி ஏறக்குறைய 25,000 டொலர் ஆகின்றது. நூறு பேர் கேட்கும் நிலையத்துக்கு அத்தனை வருமானம் எங்கிருந்து வரும்?

2007 யூன் 26 இல் அந்நாட்டு இணைய வானொலிகள் பல ஒருநாள் மௌனம் அனுட்டித்தன. அதன் பயனாய்ச் சிறு நிலையங்கள் வருவாயில் ஒரு பங்கைச் செலுத்த இணக்கம் ஏற்பட்டது. 2015 முடிவில் அவ்விணக்கம் காலாவதியாகவே, ஆயிரக்கணக்கான சிறு நிலையங்களைத் தாங்கிநின்ற 'லைவ்365' 2016 சனவரியில் மூடப்பட்டது. மறு ஆண்டு அது புதியோர் கையில் மீண்டும் தொடங்கிற்று எனினும், இடையில் ஓய்ந்த குரல்கள் யாவும் திரும்பினவல்ல.

நம் நாட்டில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஒலிப்பதிவைப் பயன்படுத்துவோர் பாடகருக்கும் தயாரிப்பாளருக்கும் நியாயமான ஊதியம் செலுத்தவேண்டும் என்கின்றது. கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் உள்ள உரிமை வேறு. நாம் விரும்பும் திரைப்பாடல்களோ பெரும்பாலும் தமிழகத்தவை. அங்கே 1977 இல் உச்ச நீதிமன்றம், கூலிக்கு அமர்த்தி இயற்றுவித்த திரையிசையின் உரிமை, வேறு உடன்பாடு இல்லாதவிடத்துத் தயாரிப்பாளரையே சாரும் எனத் தீர்ப்பளித்தது. கவிஞரும் இசையமைப்பாளரும் தம் பங்கை இழந்துவிடாதபடி சட்டம் திருத்தப்பட்டது 2012 இலேதான். பணம் வசூலாவது வேறு, உழைத்தவர் கையை அடைவது வேறு என்பதை இது காட்டுகின்றது.

ஆகவே எமது கருத்து இதுவே. சிறிய நிலையங்களிடம் வருவாயின் ஒரு பங்கை மட்டுமே பெறுதல் வேண்டும். வருவாயற்ற நிலையத்துக்குத் தாங்கக்கூடிய சிறு தொகையே போதும். பெற்ற பணம் யார் யாருக்குச் சென்றது என்னும் கணக்கும் வெளிப்படையாதல் வேண்டும். இவ்விரண்டும் இன்றேல், கட்டணம் பெரு நிறுவனங்களுக்கு அரணாகவும் சிறியோருக்குத் தடையாகவுமே அமையும்.

அந்நாள் வரும்வரை நாம் வாளாவிருக்க வேண்டியதில்லை. திரைப்பாடல் இல்லாவிடின் வானொலி இல்லை என்பது தவறான எண்ணம். மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள், நமக்கு ஒரு வழியைக் காட்டிச் சென்றார்கள். தாலாட்டும் ஒப்பாரியும் காமன் கூத்துப் பாடல்களும் இன்னும் முதியோர் நாவில் வாழ்கின்றன. அவற்றையும் இலவசப் பொருளாய் எண்ணிவிடலாகாது. வணிக நோக்கில் பயன்படுத்துவோரிடமிருந்து நாட்டார் பாடல்களைக் காக்கும் ஏற்பாடு அதே சட்டத்தில் உண்டு. பாடும் மூதாட்டியின் சம்மதத்தைக் கேட்டுப் பெற்று, அன்று அவர் இழக்கும் நாட்சம்பளத்துக்குக் குறையாத தொகையை அவர் கையிற் கொடுத்துப் பதிவு செய்வோமாக.

அவ்வாறு தொடங்கும் வானொலி சிறியதாயிருக்கலாம். ஆனால் எவருடைய கூலியையும் பறித்து எழுந்ததன்று என்னும் பெருமை அதற்கு உண்டு. கல்லூரியில் நாம் கற்ற கல்வியின் பயனும் அதுவே.