பிறந்தநாள் விருந்து: மண்டபமா, வீட்டு முற்றமா?

டிசம்பர் மாதம் தொடங்கிவிட்டால் யாழ்ப்பாணத்திலே பிறந்தநாட்களின் தொகை திடீரென்று கூடிவிடுகிறது. சித்திரையில் பிறந்த அப்பப்பாவுக்கும் ஆவணியில் பிறந்த குழந்தைக்கும் மார்கழியில்தான் கொண்டாட்டம். காரணம் யாவரும் அறிந்ததே. ரொறன்ரோவிலும் பாரிசிலும் லண்டனிலும் சிதறிக் கிடக்கும் ஒரு குடும்பத்தின் பிள்ளைகள் அனைவருக்கும் ஒரே வேளையில் விடுமுறை கிடைப்பது நத்தாரை ஒட்டிய இரண்டொரு வாரங்களில் மட்டுமே. நட்சத்திரம் பார்த்துப் பிறந்தநாள் கொண்டாடிய சமூகம் இன்று விமானச்சீட்டைப் பார்த்துக் கொண்டாடுகிறது. இதிலே எனக்கு முறைப்பாடு எதுவும் இல்லை. எண்பது வயதை எட்டியவர்களுடைய பிறப்புச் சான்றிதழில் உள்ள திகதியே பல வேளைகளில் பதிவு செய்யப் போனவரின் வசதியைப் பொறுத்து அமைந்ததுதான்.

என் முறைப்பாடு விருந்து நடக்கும் இடத்தைப் பற்றியது. குறிப்பாக, மண்டைதீவிலே வீடு வைத்திருப்பவர்கள் அந்த வீட்டைப் பூட்டிவிட்டு, பெற்றோரையும் ஏற்றிக்கொண்டு யாழ் நகரத்து மண்டபங்களுக்குப் போவதைப் பற்றியது.

பத்திரிகைத் தொழிலில் இருப்பவனுக்கு அழைப்பிதழ்களுக்குப் பஞ்சமில்லை. இத்தகைய மண்டப விருந்துகள் பலவற்றில் நான் இருந்து பார்த்திருக்கிறேன். மாலை ஆறு மணிக்கு என்று அழைப்பிதழ் சொல்லும். எட்டு மணிக்குத்தான் கேக் வெட்டுவார்கள். மூன்றடுக்குக் கேக், பலூன் தோரணம், தலைக்கு மேலே இரைந்துகொண்டு பறக்கும் ட்ரோன் படக்கருவி. சிம்மாசனம் போன்றதொரு கதிரையில் பட்டு வேட்டியுடன் அமர்த்தப்பட்டிருக்கும் முதியவர், தன்னோடு படம் எடுப்பதற்கு வரிசையில் வருபவர்களைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துக் களைத்துப் போயிருப்பார். அவருக்கு நீரிழிவு; ஏழு மணிக்குச் சாப்பிட்டுப் பழகியவர். ஒன்பதரை மணிக்கு ஃபிரைட் றைஸும் டெவல் சிக்கனும் அவர் முன்னால் வைக்கப்படும். எவருடைய பிறந்தநாளோ அவர் உண்ண முடியாத உணவை இருநூறு பேர் உண்பதற்குப் பிறந்தநாள் விருந்து என்று பெயர்!

மண்டைதீவு அப்படியொன்றும் எட்டாத இடமல்ல. யாழ்ப்பாணக் கோட்டையின் மதிலில் ஏறி நின்றால் களப்புக்கு அப்பால் கண்ணில் படுகின்ற தீவு. பண்ணைப் பாலத்தைக் கடந்து சில நிமிடங்கள் ஓடினால் மண்டைதீவுச் சந்தி வந்துவிடும். சர்வதேசக் கிரிக்கெட் மைதானம் ஒன்றுக்கு 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி அங்கே அடிக்கல் நாட்டிய பின்னர், வான் சாரதிகளுக்கு வழி சொல்ல வேண்டிய சிரமமும் நீங்கிவிட்டது. கொழும்பிலிருந்து வருபவர்களுக்கு 2014 ஒக்டோபரிலிருந்து மீண்டும் புகையிரதம் இருக்கிறது. பலாலி விமான நிலையம் 2019இல் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. இத்தனை தூரம் வந்தவர்களுக்கு எஞ்சிய சில கிலோமீற்றர்தான் தொலைவாகப் படுகிறது.

ஏன் என்று கேட்டால், வீட்டில் வசதி இல்லை, தண்ணீர் உவர், மழைக்காலம் என்பார்கள். மழைக்காலம் என்பது உண்மை. வடகீழ்ப் பருவமழை பெய்யும் மாதம் அது. முற்றம் சேறாகும், விறகு நனையும். ஆனால் இந்த மழையில்தான் தீவு பச்சையாக இருக்கும், வயலில் நெல் நிற்கும். பங்குனியில் வந்து பார்க்கும் வரண்ட மண்டைதீவு வேறு, மார்கழி மண்டைதீவு வேறு. கொட்டகைக்கு இரண்டு தகரமும் சமையலுக்கு ஒரு காஸ் சிலிண்டரும் ஏற்பாடு செய்வது, மண்டபத்துக்கு முற்பணம் கட்டுவதைவிடக் கடினமான காரியமல்ல.

என்ன சமைப்பது என்பதைப் பிறந்தநாள் எந்தத் திகதியில் வருகிறது என்பதே பெரும்பாலும் தீர்மானித்துவிடும். மார்கழியில் திருவாதிரைக்கு முந்திய பத்து நாட்கள் திருவெம்பாவைக் காலம். விடிவதற்கு முன்னரே சங்கும் சேமக்கலமும் ஒலிக்கத் தொடங்கிவிடும். சைவ வீடுகள் பலவற்றில் அந்நாட்களில் மச்சம் காய்ச்சுவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு திகதி மாறுவதால் சீட்டுப் பதிவு செய்யும்போதே பஞ்சாங்கத்தையும் ஒரு தடவை பார்ப்பது நல்லது. அந்த நாட்களில் விருந்து வந்தால் காலையில் புக்கை, மதியம் சோறும் கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பும் பூசணிப் பால்கறியும் வாழைக்காய்ப் பொரியலும் வடையும் பாயாசமும். அயலிலே கத்தோலிக்கக் குடும்பங்கள் இருந்தால் நத்தாருக்கு அவர்கள் சுட்ட பயற்றம் பணியாரமும் ஒரு தட்டில் வந்து சேரும். வந்த தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்பக்கூடாது என்ற ஒழுங்கையும் பிள்ளைகள் அன்று பார்த்துக்கொள்வார்கள்.

திருவெம்பாவை கழிந்துவிட்டால் என் தெரிவு ஒடியற்கூழ்தான். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பனங்கிழங்கை அவிக்காமல் கிழித்துக் காயவைத்தால் ஒடியல்; அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியலை இடித்த மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, மேல்நீரை வடித்துக் கைப்பைக் குறைக்க வேண்டும். வீட்டில் மா இல்லையெனில், 1978இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபையின் விற்பனை நிலையங்களில் பொதியாகவே வாங்கலாம். பெரிய பானையில் ஒரு பிடி அரிசி, மரவள்ளி, பலாக்கொட்டை, பயற்றங்காய் அவியும்போது மீன்தலையும் நண்டும் இறாலும் சேரும். அரைத்த செத்தல் மிளகாயும் மஞ்சளும் பழப்புளியும் அதன் பின்னர். கரைத்த ஒடியல் மா கடைசியில்தான் ஊற்றப்படும். ஊற்றியபின் கை ஓயாமல் துழாவ வேண்டும், விட்டால் அடிப்பிடிக்கும். பனையோலையில் கோலிய பிளாவில் வார்த்து, பானையைச் சுற்றியிருந்து ஊதி ஊதிக் குடிக்க வேண்டும்.

ஒருவருக்கு மட்டும் கூழ் காய்ச்சுவதில்லை. நாலு பேருக்குக் காய்ச்சினால் ருசி வராது என்று கிழவிகள் சொல்வார்கள். மீன் துப்புரவாக்க ஒருவர், நண்டு உடைக்க ஒருவர், பலாக்கொட்டை உரிக்க இரண்டு சிறுவர், ஓலை வெட்டி வந்து பிளாக் கோல ஒருவர் என்று ஆளுக்கொரு வேலையைத் தரும் உணவு அது. தமிழ் பேச வெட்கப்படும் மொன்றியல் சிறுவனும் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போகாத அவனுடைய மச்சானும் மண்டபத்தில் இருவேறு மேசைகளில் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். ஒரு சுளகு பலாக்கொட்டையை இருவருக்கும் நடுவில் வைத்தால் அரை மணி நேரத்தில் பேச்சு வந்துவிடும். எந்த மொழியில் என்று கேட்காதீர்கள்.

இங்கே பெண் வாசகர்கள் குறுக்கிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். “எழுதுகிற உங்களுக்கென்ன, அடுப்படியில் நிற்பது யார்?” என்ற அவர்களுடைய கேள்வி முற்றிலும் நியாயமானது. எழுபத்தைந்து வயதுத் தாயார் விடிய நான்கு மணிக்கு எழுந்து தேங்காய் துருவ, மருமக்கள் பாத்திரம் கழுவ, கனடாவிலே தோட்டத்தில் நின்று பாபிகியூ சுடுவதைப் பெருமையாகப் படம் எடுத்துப் போடும் மகன்மார் இங்கே கதிரை போட்டுக்கொண்டு அரசியல் பேசுவார்கள் என்றால், மண்டபமே மேல் என்று நானும் சொல்வேன். வீட்டுச் சமையல் என்பது அம்மாவின் சமையல் என்று பொருள்பட வேண்டியதில்லை. மகன்மார் அதிகாலையில் பண்ணை மீன்சந்தைக்குப் போகட்டும். வாங்கிய மீனைத் தாமே வெட்டட்டும். தாயார் திண்ணையில் இருந்தபடி உப்புப் பார்த்துச் சொன்னால் போதும். அந்த உப்பு அளவை எழுதி வைத்துக்கொள்பவர் ஒருவராவது அந்தக் கூட்டத்தில் இருக்க வேண்டும்.

இருநூறு பேரை வீட்டுக்கு அழைக்க முடியாதுதான். அழைக்கத் தேவையும் இல்லை. இருபத்தைந்து பேர் போதும். “எங்களுக்குச் சொல்லவில்லை” என்று கோபிப்பவர்கள் கோபிக்கட்டும். அவர்களில் பலர் மண்டபத்துக்கு வந்திருந்தாலும் சாப்பாட்டில் குறை கண்டிருப்பார்கள்.

நகரத்துக்குப் போகும் பழக்கத்துக்கு வெளியில் சொல்லப்படாத இன்னொரு காரணமும் உண்டு. மண்டைதீவு வீடுகள் பல, மகிழ்ச்சியை மட்டும் நினைவூட்டும் வீடுகளல்ல. 1990 ஓகஸ்ட்டில், முற்றுகையில் இருந்த யாழ்ப்பாணக் கோட்டையை மீட்பதற்காக இராணுவம் தீவகத்துக்குள் இறங்கியது. ஊர் இடம்பெயர்ந்தது. பிடிக்கப்பட்ட ஆண்கள் பலர் பின்னர் திரும்பி வரவில்லை. அவர்கள் கொல்லப்பட்டுக் கிணறுகளில் போடப்பட்டார்கள் என்று உறவினர்கள் தொடர்ந்து கூறிவருகிறார்கள். அக்கிணறுகளை அகழ வேண்டும் என்ற கோரிக்கை முப்பத்தைந்து ஆண்டுகள் கடந்து 2025இலும் எழுந்தது. அத்தகைய முற்றத்தில் பலூன் கட்டுவதற்குக் கை கூசுகிறது என்றால் அந்தக் கூச்சத்தை நான் மதிக்கிறேன். பலூனைத் தவிர்க்கலாம். அடுப்பையும் சேர்த்துத் தவிர்ப்பதுதான் எனக்கு ஏற்புடையதாக இல்லை.

ஏனெனில் காணாமற் போனவர்களின் வீடுகளில் பிறந்தநாளுக்கு வேறொரு கனதி இருக்கிறது. இறந்தவருக்குத் திதி உண்டு. அந்த நாளில் படைத்து, நாலு பேருக்கு உணவளித்து ஆறலாம். காணாமற் போனவருக்குத் திதி இல்லை. நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசையில் கடன் செய்யலாம் என்று குருக்கள் சொல்வார். செய்தால் பிள்ளை இறந்துவிட்டான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று தாய் மறுப்பாள். எஞ்சியிருப்பது அவன் பிறந்த நாள் ஒன்றுதான். ஆகவே அன்றைக்குச் சமைக்கிறாள்.

எனக்குத் தெரிந்த அப்படியொரு தாயார் மண்டைதீவில் இருக்கிறார். மகன் மார்கழியில் பிறந்தவன். போகும்போது பதினெட்டு வயது. ஒவ்வொரு மார்கழியும் அவனுக்குப் பிடித்த இறால் வறையும் நண்டுக் குழம்பும் வைத்து, அயல்வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு இருத்திச் சோறு போடுவார். பிரான்சிலிருந்து வரும் மகளுக்கு நீண்ட காலமாக இதில் உடன்பாடு இல்லை. அம்மா தன்னைத் தானே வருத்துகிறார் என்று அவர் நினைத்தார். 2025 டிசம்பரில் அந்த மகள் தன் பிள்ளைகளோடு வந்தபோது, விருந்து நாளும் அந்த நாளும் ஒன்றாக அமைந்துவிட்டன. மகளுடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்கென்று நகரத்திலே பேசியிருந்த மண்டபத்தைக் கைவிட்டு, இரண்டையும் வீட்டிலேயே ஒரே சமையலாகச் செய்தார்கள். மருமகன் நண்டு உடைத்தார். மிக மோசமாக உடைத்தார் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். வாழையிலை போடும்போது தாயார் வழமைபோல ஓர் இலையைக் கூடுதலாகப் போட்டார்.

பாரிசில் பிறந்த பேரன், அது யாருக்கு என்று கேட்டான். மாமாவுக்கு என்றார். “அம்மம்மா, மாமாவுக்கு இப்போது எத்தனை வயது?” என்று அவன் அடுத்துக் கேட்டபோது மகள் அவனைத் தடுக்கப் பார்த்தார். தாயார் சோற்றைப் பரிமாறிக்கொண்டே, “ஐம்பத்து நான்கு” என்றார்.