எப்படிக் கழுவினீங்க?

பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம் பிறந்த எங்களுக்குக் கடல் என்றால் பூவாரும் பொழியூரும்தான். பவளப்பாறைக்கு எல்லை தாண்டி மன்னார் வளைகுடா போகணும். தூத்துக்குடியில் அதை வெட்டிச் சுண்ணாம்பாகச் சுட்ட காலம் உண்டு. 2001-ல்தான் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளம் சேர்ந்தது.

இங்கே மெல்போர்னில் உலோகம் அளந்து பிழைக்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்றேன். 'பவளத்தில் ஈயம்' என்று செய்தி படித்தால் எண்ணைப் பார்க்கும் முன், "எப்படிக் கழுவினீங்க?" என்று கேளுங்க.

பவளத்துக்குள் கால்சியம் இருக்கவேண்டிய இடத்தில் உட்கார்ந்த ஈயம்தான், அது வளர்ந்த காலத்துக் கடலுக்குச் சாட்சி. மேலே ஒட்டியிருப்பது வெறும் சேறு. ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்துச் சதை, பாசியைப் போக்கணும். மீயொலித் தொட்டியில் அதிரவிட்டு, நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் லேசாக அலசணும். அதிகமானால் பவளமே கரைந்துவிடும்! காயவைத்து, உலோகம் படாமல் அகேட் கல்வத்தில் பொடிக்கணும். பிறகே அமிலத்தில் கரைத்து அளப்பது. பவளமே போடாத வெறும் அமிலத்தையும் கூடவே அளக்கணும். 1950-களில் பூமியின் வயதைக் கணக்கிட்ட கிளேர் பேட்டர்சனையே திணறடித்தது ஆய்வகத்திலிருந்த ஈயம்தான்.

இதெல்லாம் எதற்கு? கழுவாத பவளத்தின் கணக்கோடு மீனவர் கோர்ட்டுக்குப் போனால், ஆலைக்காரரின் வக்கீல் ஒரே கேள்வியில் உடைத்துவிடுவார். அப்புறம் சரியான கணக்கையும் எவரும் நம்பமாட்டார்.

வேதியியல் படிக்கிற நம்ம பிள்ளைகள் பெரிய மெஷினைத்தான் ஆசையாகப் பார்க்கிறார்கள். கழுவுற வேலையைக் கேவலமா நினைக்கவேண்டாம் மக்கா, கணக்கு நிற்பதே அதில்தான்.